பிறர் எடுத்த படமும் நமது சொல்லும்

தாம் எடுத்த புகைப்படத்தை ஒருவர் நம் முன் வைத்து, "எப்படி இருக்கின்றது?" என்று கேட்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? "மிக அருமை" என்று கூறி அனுப்பிவிடுகின்றோம். கைத்தொலைபேசி வைத்திருப்போரெல்லாம் கமராவும் வைத்திருக்கும் இந்நாளில் படம் எடுப்போர் பெருகிவிட்டனர். படத்தை நின்று பார்ப்போர் பெருகினர் என்று சொல்வதற்கில்லை. 'அருமை' என்பது கண்ணியமான சொல் என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால், ஒருவரது முயற்சிக்கு இரண்டு நிமிடங்களைத்தானும் ஒதுக்க மனமில்லாதபோது அச்சொல்லே நம் வாயில் முந்திக்கொண்டு வருகின்றது. இதில் மரியாதை எங்கே இருக்கின்றது?

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரிடம் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பாருமுளர். கூலிக்கன்றி விருப்பினாற் செய்யப்படுவது அற்பமானது என்னும் எண்ணமே இக்கேள்வியின் அடியிற் கிடக்கின்றது. இலங்கைப் புகைப்படக் கலையின் முன்னோடியான லயனல் வென்ட் (1900–1944) சட்டம் பயின்றவர். பியானோ இசையில் தேர்ந்தவர். படம் எடுத்து அவர் வயிறு வளர்க்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மலையகத்துக்குச் சுற்றுலாச் சென்று திரும்பும் இளைஞர் பலரிடம் இப்படம் இருக்கும்: பனிமூட்டம், பச்சைச் சரிவு, முதுகிற் கூடையுடன் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், அவர் முகத்தில் ஒரு புன்னகை. நண்பர் கூட்டத்தில் இது கைமாறும்போது ஒருவர் ஒளியைப் புகழ்வார். இன்னொருவர், உருவம் நடுவில் நிற்கின்றது, மூன்றிலொரு பங்குக் கோட்டுக்கு நகர்த்தியிருக்கலாம் என்பார். (அந்த விதிக்கு 1797இல் பெயர் சூட்டியவர் ஜோன் தோமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர், அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. வேதம்போல அதனை ஓதுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.) ஒளியும் சட்டகமும் பேசப்பட வேண்டியவையே, இலக்கணம் அறியாதவன் தான் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டான். ஆயினும், அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறவாதது ஏன்?

நாம் கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை. அங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள்? அவரோடு பேசினீர்களா? அந்தப் புன்னகை முன்பே இருந்ததா, கமராவைக் கண்டபின் வந்ததா? கொழுந்தின் கறை படிந்த அவருடைய விரல்கள் ஏன் சட்டகத்துக்கு வெளியே போயின? ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடினர். 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. சம்பளச் சீட்டைப் படத்தில் ஒட்டுமாறு நாம் கேட்கவில்லை. பனி அழகுதான். காலையிலேயே அதில் நனைந்துகொண்டு வேலைக்கு நிற்பவருக்கு அது என்னவாக இருக்கும் என்று படம் எடுத்தவர் ஒருகணம் நினைத்திருந்தால், அவருடைய கமரா இன்னும் இரண்டடி கிட்டப் போயிருக்கும். விரல்களும் உள்ளே வந்திருக்கும். பொருள் பற்றிய வினாவும் இலக்கணம் பற்றிய வினாவும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

நமது அணியினரிடமுள்ள நோய் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிழிந்த சேலையும் வற்றிய முகமும் இருந்தால் முற்போக்குப் படம்; பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் எடுத்தவர் பிற்போக்காளர் என்று தீர்ப்பளித்துவிடுகின்றோம். இதுவும் பாராமையே. நியூயோர்க்கில் 1936 முதல் 1951 வரை இயங்கிய 'போட்டோ லீக்' இடதுசாரி எண்ணங்கொண்ட புகைப்படக்காரரின் கழகம். அதன் உறுப்பினர் சிலர், ஆரன் சிஸ்கிண்டின் தலைமையில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதியைப் படமாக்கினர். அவர்களிற் பெரும்பாலோர் வெள்ளையர். வறுமையையே கண்டனர், அம்மக்களின் முழு வாழ்வைக் காணவில்லை என்று பிற்காலத்து விமர்சகர் குறைகூறினர். நல்ல நோக்கம் அவர்களிடம் இருக்கவே செய்தது. எனினும், கேளாமல் எடுத்த கண்ணீரும் கேளாமல் எடுத்த புன்னகையும் நமக்கு ஒரே வகையான களவாகவே தோன்றுகின்றன.

அதே கழகத்தாரிடம் நாம் கற்கவேண்டியதும் உண்டு. குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்தினர். ஒருவர் படத்தை மற்றவர் வாதிட்டு ஆராய்ந்தனர். 1947இல் அமெரிக்க அரசு அக்கழகத்தை நாசவேலை இயக்கங்களின் பட்டியலிற் சேர்த்தது. நான்கு ஆண்டுகளில் அது மூடப்பட்டது. அங்கே கற்பித்த சிட் கிராஸ்மன் கடுமையான விமர்சனத்துக்குப் பேர்போனவர். அந்தக் கடுமையை வியப்போர் உளர், நாம் வியக்கவில்லை. சிவப்பு மையால் நிரம்பிய கொப்பியைத் திரும்பப் பெறும் மாணவன் அதிலே தன் பிழைகளை வாசிப்பதில்லை, தான் எதற்கும் உதவாதவன் என்பதையே வாசிக்கின்றான். ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தீர்ப்புக்கு முன் நாம் கண்டதை விவரிப்பதே முறையெனக் கருதுகின்றோம். "என் கண் முதலிற் பனிக்குச் சென்றது, பிறகு கூடைக்குச் சென்றது, முகத்துக்கு வர நெடுநேரம் ஆயிற்று." படம் எடுத்தவர் இதனைத் தம் நோக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "முகம் பிந்தி வரவேண்டும் என்றுதான் எடுத்தேன்" என்று அவர் மறுத்தால், நாம் மறுபடியும் படத்தைப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புகைப்படக் கழகம் நடத்தும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். ஒரு கூட்டத்துக்கு மூன்று படங்கள் போதும். அவற்றை அச்சிட்டுச் சுவரில் மாட்டி, முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாதிருக்கட்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் அவற்றுள் ஒன்றானால், அதில் ஒரு பிரதியை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் என்ன சொல்கின்றார் என்று கேட்டு வந்து அடுத்த கூட்டத்திற் சொல்லட்டும். அதற்கு மறுபடியும் மலையகத்துக்கு பஸ் ஏறவேண்டியிருக்கும். முதலில் அவருடைய பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.