பள்ளிக்கூடத்தில் சமய போதனை வேண்டுமா?

பள்ளிக்கூட நேரத்திலேயே சமய போதனைக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கினால் பிள்ளைகள் ஒழுக்கத்தோடு வளருவார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அய்யாவின் அன்பர்களிலும் சிலர், அகிலத்திரட்டு அம்மானையை அரசுப் பள்ளியில் படிக்க வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான். அது தர்மமா என்று பார்க்க வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் அது நடந்தாலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது.

இதன் நியாயம் 2024 ஆகஸ்டில் சென்னையில் தெரிந்தது. அரசுப் பள்ளியில் பேச வந்த ஒரு சொற்பொழிவாளர், ஏழ்மையும் உடற்குறையும் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருள்படப் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். விஷயம் வெளியே வந்ததும் செப்டம்பரில் அந்தப் பேச்சாளர் கைதானார். ஆசிரியருக்குக் கேட்க முடிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்ன செய்ய முடியும்? பிடிக்காத பேச்சு என்று எழுந்து போனால் பள்ளியில் அதற்குப் பெயர் ஒழுங்கீனம்.

"அவர் சொன்னது தவறான போதனை, அய்யாவின் போதனை எளியவரைக் காக்கும் போதனையாயிற்றே" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அய்யா எப்படிப் போதித்தார் என்பதையும் நினைக்க வேண்டும். சாமிதோப்புக்கு வந்த மக்கள் தாமாக வந்தார்கள். முத்திரிக்கிணற்றில் தாமாக ஒன்றாகக் குளித்தார்கள். துவையல் பந்தியில் விரும்பித் தவமிருந்தார்கள். ஒருவரையும் ஆள் அனுப்பி இழுத்து வரவில்லை. கட்டாயம் அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் அரசின் பக்கம் இருந்தது. யார் எதை உடுத்தலாம், யார் எந்த வழியில் நடக்கலாம் என்று அதிகாரம்தான் சொல்லிற்று. அந்த அதிகாரத்தின் முன் தலைப்பாகை கட்டி நிமிர்ந்தவர்களின் வழிவந்தவர்கள், இன்னொருவர் பிள்ளையை அரசின் அதிகாரத்தால் உட்கார வைத்து அகிலம் கேட்கச் செய்வது பொருந்துமா?

காரியாபட்டிப் பக்கம் நிலைமையைப் பார்த்தாலே போதும். தென்கோடி மாவட்டங்களைப் போல இங்கே தாங்கல்கள் நெருக்கமாக இல்லை. ஒரு வகுப்பில் திருநாமம் இட்டு வரும் பிள்ளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சமய வகுப்பு என்று ஒன்று வந்தால் அங்கே படிக்கப்படுவது அகிலமாக இருக்காது. அந்த ஒரு பிள்ளைக்கு எது நியாயமோ, அதுதான் மற்ற எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் நியாயம்.

பள்ளியில் போதிக்காவிட்டால் பக்தி வளராது என்று பயப்படவும் வேண்டாம். பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி மதுரையில் படித்தது அமெரிக்கன் மிஷன் பள்ளியில். ஆனால் அவர் மனத்தை உருக்கியது வீட்டில் கிடைத்த பெரிய புராணம். 1896இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவரை எந்தப் பள்ளிப் பாடமும் அனுப்பவில்லை.

சமயத்தைப் பற்றி அறிவது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் வைகுண்ட சுவாமிகளைப் பற்றிய பாடம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அதை வரலாறாகப் படிக்கிறார்கள். அது முறையானது, அந்த அளவு போதும்.

மீதி வேலை தாங்கலுக்கும் வீட்டுக்கும் உரியது. உகப்படிப்பு நேரத்தில் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அகிலத்தில் ஒரு பக்கம் வாசித்து, எளிய தமிழில் பொருள் சொல்லலாம். பிள்ளை கேட்கும் கேள்விக்கு அதட்டாமல் பதில் சொல்லலாம். இதைச் செய்யாத ஊர் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்க்கும் பிள்ளை தன் விருப்பத்தோடு வந்து நிற்க வேண்டும். அப்படி வந்தால்தான் அது அய்யா வழி.

அய்யா உண்டு.