கல்லாப்பெட்டியின் தீர்ப்பு

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கில் வழுவாத நேர்மையும் நாணயம். கடை வைத்து வாழ்ந்தவர்களுக்கு இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியது வியப்பாக இருந்திராது. நேர்மை குன்றியவனிடம் காசு நிலைக்காது என்பது அங்காடி கற்றுத்தந்த பாடம். இன்றோ அச்சொல்லின் இரு பொருளுக்கும் இடையே ஒரு புதிய வழக்கு எழுந்திருக்கிறது. காசைக் கைமாற்றித் தரும் நிறுவனங்கள், எந்த ஓவியம் விற்கப்படலாம், எந்தக் கதை விற்கப்படலாகாது என்று தீர்ப்புரைக்கும் இடத்துக்கு வந்துவிட்டன. ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பைக் கல்லாப்பெட்டியிடம் ஒப்படைக்கலாமா? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

முதலில் நடைமுறையை அறிந்துகொள்வோம். ஓவியர் ஒருவர் தம் சித்திரத்தை இணையக் கலைக்கூடம் ஒன்றில் விற்பனைக்கு வைக்கிறார். வாங்குபவர் தம் அட்டையின் எண்ணைத் தருகிறார். அந்தப் பணம் நேரே ஓவியரின் கைக்குச் சென்றுவிடுவதில்லை. வாங்குபவருக்கு அட்டை கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற அட்டை அமைப்பு, விற்பவருக்காகப் பணம் பெறும் வங்கி, பேபால், ஸ்டிரைப் போன்ற இடைநிலை நிறுவனம் எனப் பல கைகள் மாறியே அது கலைக்கூடத்தை அடைகிறது. ஒவ்வொரு கையும் தனக்கு மேலுள்ள கையின் விதிக்குக் கட்டுப்பட்டது. அட்டை அமைப்பு வங்கிக்கு அபராதம் விதிக்கலாம். வங்கி இடைநிலை நிறுவனத்தை நெருக்கலாம். அந்நிறுவனம் கலைக்கூடத்தின் கணக்கை முடித்துவிடலாம். அவ்வாறு முடிக்கப்பட்டவரின் பெயர், மாஸ்டர்கார்டு பேணிவரும் ‘மேட்ச்’ என்னும் பட்டியலில் ஏறிவிட்டால் ஐந்தாண்டுகள் அங்கேயே நிற்கும். அதைப் பார்த்த பிற வங்கிகளும் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும்.

1958ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அட்டைதான் 1976இல் விசா என்று பெயர் பெற்றது. கடையில் கடன் சொல்லி வாங்கும் வசதிக்காகப் பிறந்த பொருள் அது. உலக வணிகம் அந்த வழியாகவே நடக்கத் தொடங்கியபோது, வசதி வாயிலாயிற்று. வாயிலில் நிற்பவன் காவலனானான். காவலன் இப்போது நீதிபதியாகவும் அமர்ந்திருக்கிறான்.

நிகழ்ச்சிகள் சிலவற்றைக் காண்போம். ஜப்பானில் 2007இல் தொடங்கப்பட்ட பிக்சிவ், ஓவியர்கள் தம் படைப்புகளை வைக்கும் பெரியதொரு கலைக்கூடம். 2022 நவம்பரில் அது ஓர் அறிவிப்பு விடுத்தது. பணம் கைமாறும் தன் சேவைகளில் குறிப்பிட்ட சில வகைப் பாலியல், வன்முறைச் சித்திரங்களுக்கு இனி இடமில்லை என்றும், அட்டை நிறுவனங்களின் விதிகளே இதற்குக் காரணம் என்றும் அது கூறிற்று. டிசம்பர் முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியக் கலைஞர் ஜப்பானிய வாசகருக்கு விற்கும் படைப்புக்கு வரம்பு வகுத்தது ஜப்பானின் சட்டமன்றம் அன்று. அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட வணிக நிறுவனங்களின் விதிப்புத்தகம்.

2025 ஜூலையில் இட்ச் என்னும் தளத்தில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. தனியாகவும் சிறு குழுவாகவும் இயங்குவோர் தம் விளையாட்டுகளையும் சித்திரக்கதைகளையும் நூல்களையும் விற்கும் தளம் அது. பெண்ணை வன்கொடுமை செய்வதையே விளையாட்டாக்கிய ஒரு படைப்பைக் கண்டு கொதித்த ஆஸ்திரேலிய அமைப்பொன்று, பணம் கைமாற்றும் நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதியது. அந்நிறுவனங்கள் தளத்தை நெருக்கின. ஜூலை 24 அன்று, வயது வந்தோர்க்குரியவை என்று குறிக்கப்பட்ட படைப்புகள் யாவும் தேடலில் அகப்படாதவாறு ஒரே வீச்சில் மறைக்கப்பட்டன. முன்னறிவிப்புத் தர நேரமில்லை என்று தளத்தாரே ஒப்புக்கொண்டனர். கொடுமையைக் கொண்டாடிய படைப்பும், கொடுமைக்கு உள்ளானவரின் துயரைச் சொன்ன படைப்பும் அந்த வீச்சுக்கு ஒன்றுதான்.

இங்கே நம் இல்லங்களிலிருந்து ஒரு குரல் எழும் என்பதை நாம் அறிவோம். “ஆபாசம் அகன்றால் நல்லதுதானே? எவர் அகற்றினால் என்ன? பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கும் காலத்தில் இவ்வளவேனும் நடந்ததே!” இந்தக் குரலை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2020 டிசம்பரில், பெரிய ஆபாசக் காணொளித் தளமொன்றில் சிறுவர் சிறுமியர் சீரழிக்கப்பட்ட காட்சிகள் உலவுவதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் அத்தளத்துக்குத் தம் சேவையை நிறுத்தின. ஏற்றியவர் இன்னாரென்று உறுதிசெய்யப்படாத காணொளிகளை எல்லாம் அத்தளம் சில நாட்களில் நீக்கியது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடியும் கிடைக்காதது, வருவாய் நின்றதும் கிடைத்தது. உண்மையான குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையில் காசு பார்ப்பவனுக்குத் துணைபோகமாட்டேன் என்று ஒரு நிறுவனம் சொல்லுமானால், அதை நாம் பாராட்டவே வேண்டும். அது குற்றம், எல்லா நாட்டுச் சட்டமும் அதைக் குற்றம் என்றே கூறும்.

ஆனால் குற்றத்துக்குத் துணைபோக மறுப்பது வேறு. குற்றமல்லாததில் எது தகும், எது தகாது என்று வகுப்பது வேறு. முன்னது மனச்சான்றுள்ள எவரும் செய்யவேண்டிய கடமை. பின்னது தீர்ப்பு. தீர்ப்புக்குச் சில இலக்கணங்கள் உண்டு. விதி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குற்றம் இன்னதென்று சொல்லப்பட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல இடம் வேண்டும். தீர்ப்பில் பிழை நேர்ந்தால் மேலே சென்று முறையிட ஒரு வாசல் வேண்டும். காஜியின் மன்றமாயினும் ஊர்ப் பஞ்சாயத்தாயினும் இருதரப்பையும் கேளாத தீர்ப்பைத் தீர்ப்பென்று எவரும் ஏற்றதில்லை.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1973இல் மில்லர் என்பாரின் வழக்கில் ஆபாசத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. வெளிப்படையாக அருவருப்பூட்டுவதாகவும், இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் ஆகியவற்றில் மெய்யான மதிப்பேதும் இல்லாததாகவும் ஒரு படைப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்துப் பார்க்கலாகாது, படைப்பை முழுமையாக நோக்கவேண்டும் என்றது அத்தீர்ப்பு. மாஸ்டர்கார்டின் விதிப்புத்தகத்தில் 5.12.7 என்னும் எண்ணிட்ட விதி இருக்கிறது. அருவருப்பூட்டுவதும் மெய்யான கலை மதிப்பு இல்லாததுமான படத்தை விற்பதை அது தடுக்கிறது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் நீதிமன்றத்தில் அச்சொற்களைப் பொருத்திப் பார்ப்பதற்குச் சான்றாயம் உண்டு, வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு. விதிப்புத்தகத்திலோ தன் பெயருக்கு இழுக்கு எது என்பதை நிறுவனமே தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம். ஓர் ஓவியத்துக்குக் கலை மதிப்பு உண்டா என்று காணும் தகுதி, பணம் எண்ணுகிறவருக்கு எந்த வழியில் வந்தது?

தீர்ப்பைச் சொன்னவர் யார் என்று கேட்டால் அதற்கும் விடை கிடைப்பதில்லை. ஸ்டீம் என்னும் பெரிய விளையாட்டு விற்பனைத் தளம் 2025 ஜூலையில் சில விளையாட்டுகளை நீக்கியது. எதிர்ப்பு எழுந்ததும், ஆகஸ்டு முதல் நாளன்று மாஸ்டர்கார்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. நாங்கள் எந்த விளையாட்டையும் ஆராயவில்லை; எதையும் நீக்கச் சொல்லவில்லை; சட்டத்துக்கு உட்பட்ட வாங்குதலை நாங்கள் அனுமதிக்கிறோம் என்பது அதன் சாரம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, மாஸ்டர்கார்டு எங்களிடம் நேரே பேசவில்லை. இடைநிலை நிறுவனங்களே அந்த 5.12.7ஆம் விதியைக் காட்டி எங்கள் விளக்கத்தை ஏற்க மறுத்தன என்றது. இட்ச் விவகாரத்தில் ஸ்டிரைப் நிறுவனம் தனக்குப் பின்னால் நிற்கும் வங்கிகளைக் கைகாட்டியது. ஓவியருக்கு வாழ்வு போயிற்று. ஆனால் பறித்த கை எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுகிறார்கள்.

இது ஒழுக்கத்தின்பாற்பட்ட தீர்ப்புத்தானா என்ற ஐயமும் எழுகிறது. அவ்வாண்டு ஜூலை முடிவில் இட்ச் தளம், மறைத்தவற்றில் இலவசமாகக் கிடைப்பவற்றை மீண்டும் தேடலில் சேர்த்தது. விலை வைத்தவை காத்திருந்தன. ஒரு படைப்பு மெய்யாகவே தீயதாயின், இலவசமாகத் தரும்போது அதன் தீமை பெருகுமேயன்றிக் குறையாது. விலை வைத்தால் குற்றம், விலையின்றிக் கொடுத்தால் குற்றமில்லை என்னும் அளவுகோல் ஒழுக்கத்துக்கு உரியதன்று. பணம் கைமாற்றும் நிறுவனத்தின் அச்சத்துக்கு உரியது. அந்த அச்சத்தின் கணக்கும் எளிதானது. ஒரு சிறு கலைக்கூடத்தால் கிடைக்கும் தரகு சொற்பம். அதனால் வரக்கூடிய அவப்பெயரோ அபராதமோ பெரிது. ஆகவே ஆராய்ந்து பார்ப்பதைவிட அறுத்துவிடுவது மலிவு. வணிகக் கணக்காக இதில் பிழையில்லை. நீதி என்று இதற்குப் பெயரிடுவதுதான் பிழை.

இதனால் நேரும் இழப்பு ஆபாசத்தோடு நின்றுவிடுவதில்லை. ஜப்பானில் மாங்கா லைப்ரரி ஸெட் என்றொரு மின்னூலகம் இருந்தது. சித்திரக்கதை ஆசிரியரும் பின்னாளில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினருமான கென் அகாமட்சு தொடங்கியது. அச்சில் இல்லாமற் போன பழைய கதைகளை ஆசிரியர்களின் இசைவோடு வெளியிட்டு, வருவாயை அவர்களுக்கே சேர்ப்பித்த பணி அது. பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால், 2024 நவம்பர் 26 அன்று அது மூடப்பட்டது. வயது முதிர்ந்த ஆசிரியர்களின் கதைகளும் அந்தக் கதவுக்குப் பின்னே போயின.

நம்மைப் போன்றோர் இதை இன்னும் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். 2014 ஜூலையில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலுக்கும் வேறு சில முஸ்லிம் அமைப்புகளுக்கும் எச்.எஸ்.பி.சி. வங்கியிலிருந்து மடல்கள் வந்தன. உங்கள் கணக்கு முடிக்கப்படும் என்பது செய்தி. என்ன குற்றம் செய்தோம் என்பதற்கு அம்மடலில் விடையில்லை. வங்கி ஏற்கவல்ல ஆபத்தின் எல்லைக்கு வெளியே நீங்கள் இருக்கிறீர்கள் என்ற அளவிலேயே காரணம் முடிந்தது. அறக்கொடைப் பணம் வந்து சேரும் வழி அடைபட்டது. வழக்கில்லை, விசாரணையில்லை, தீர்ப்பில்லை. தண்டனை மட்டும் இருந்தது. ஓவியரின் கடையை அடைத்த கணக்கும் பள்ளிவாசலின் கணக்கை முடித்த கணக்கும் ஒன்றேயல்லவா? நமக்குப் பிடிக்காதவர் மீது ஓங்கப்படும்போது நாம் வாழ்த்திய கோல், நம் மீது ஓங்கப்படும்போது எந்த நியாயத்தைச் சொல்லித் தடுப்போம்?

முறையிட வாசல் இருந்தால் நிலைமை மாறும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2012 பிப்ரவரியில் ஸ்மாஷ்வர்ட்ஸ் என்னும் மின்னூல் தளத்திடம், குறிப்பிட்ட சில வகைப் பாலியல் கதைகளை அடியோடு நீக்குமாறு பேபால் கேட்டது. எழுத்தாளர்களும் உரிமை அமைப்புகளும் வெளிப்படையாக எதிர்த்தபின், மார்ச் மாதத்தில் பேபால் தன் விதியைத் திருத்திற்று. வகை வகையாக ஒதுக்காமல் தனித்தனி நூலாகப் பார்ப்பதாக அது கூறியது. விக்கிலீக்ஸ் அமைப்புக்கு நன்கொடை வரும் வழியை 2010 இறுதியில் அட்டை நிறுவனங்கள் அடைத்தன. ஐஸ்லாந்தின் உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில், அந்நாட்டில் விசாவுக்காக இயங்கிய வாலிட்டர் நிறுவனம் அவ்வழியைத் திறந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டது. விக்கிலீக்ஸ் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது, அது கேட்டது என்பதே நாம் இங்கு குறிக்க விரும்புவது.

ஆகவே நாம் வேண்டுவது கட்டற்ற சந்தையன்று. தீயதைத் தடுக்கும் அதிகாரம் ஒரு சமுதாயத்துக்கு வேண்டும். அந்த அதிகாரம் முகமுள்ளதாகவும் பதில் சொல்லக் கடமைப்பட்டதாகவும் இருக்கவேண்டும். எது குற்றம் என்பதைச் சட்டம் சொல்லட்டும். அதில் ஐயம் வந்தால் நீதிமன்றம் தீர்க்கட்டும். பணம் கைமாற்றும் நிறுவனம் ஒரு கணக்கை முடிக்குமானால், எந்தப் படைப்பால், எந்த விதியால் என்று எழுத்தில் சொல்லட்டும். மறுமொழிக்கு நாள் கொடுக்கட்டும். சிறிய ஓவியருக்கும் இந்த நீதி கிட்டவேண்டும், பள்ளிவாசலுக்கும் கிட்டவேண்டும்.

இனி, நம் பிள்ளைகளின் கண்ணில் எது படவேண்டும், படக்கூடாது என்னும் கவலை எஞ்சுகிறது. அது நியாயமான கவலை. ஆனால் அதைத் தீர்க்கும் இடம் வீட்டுத் திண்ணையும் தாய் தந்தையரின் பேச்சுமே. இன்று நமக்கு ஒவ்வாத சித்திரத்தை மறைத்த நிறுவனம், நாளை இலாபம் என்று கண்டால் அதனினும் இழிந்ததை நம் வாசலுக்கே கொண்டுவரும். அதற்கு ஒழுக்கம் ஒரு செலவுக் கணக்கு. நமக்கோ அது வாழ்வு. காசாகிய நாணயத்தை அவர்கள் கைமாற்றித் தரட்டும். அந்தத் தொழிலுக்கு உரிய தரகையும் பெற்றுக்கொள்ளட்டும். மற்றொரு நாணயத்தைக் காக்கும் வேலை நம்முடையது.