சவ்வுக்கு நோக்கம் உண்டா?

உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் 10 நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள சவ்வு சூழ்ந்திருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகளின் இரண்டு அடுக்குகளும் அவற்றில் பதிந்த புரதங்களும் சேர்ந்ததே அது. ஆக்சிஜன் அதனூடே தானாக நுழைகிறது. குளுக்கோஸ் தனக்குரிய புரதம் இருந்தால்தான் உள்ளே போகும். சோடியம் இடைவிடாமல் வெளியேற்றப்படுகிறது. வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்து நடப்பதுபோலத் தோன்றும் இச்செயலில் நோக்கம் உண்மையிலேயே இருக்கிறதா, பார்ப்பவர் ஏற்றிச் சொல்வதா என்பது மெய்யியலில் தீராத வழக்கு.

இயற்பியலுக்கு அப்பாற்பட்ட உயிர்விசை ஒன்று உண்டு என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டிலும் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் 1748இலேயே பிரான்சின் நொல்லே, சாராயம் நிரப்பிய கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீரில் வைத்திருந்தார். நீர் உள்ளே புகுந்து பை உப்பியது. செத்த விலங்கின் உறுப்பில் உயிர்விசைக்கு ஏது இடம்? 1820களில் பிரெஞ்சு அறிவியலாளர் டுட்ரோஷே இந்தச் சவ்வூடுபரவலை அளந்து, உயிருள்ளவற்றுக்கும் அல்லாதவற்றுக்கும் இயற்பியல் ஒன்றே என வாதிட்டார்.

பரவல் எளிய சங்கதி. சவ்வில் பதிந்த புரதப் பாதையான பொட்டாசியம் கால்வாய்தான் புதிர். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனாலும் பெரியது கடக்கிறது, சிறியது தடைபடுகிறது. எந்தச் சல்லடையும் இப்படிச் செய்வதில்லை. 1998இல் ராடரிக் மெக்கின்னன் குழுவினர் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயின் வடிவத்தைக் கண்டறிந்தபோது காரணம் புலப்பட்டது. அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். குறுகிய பாதைக்குள் புக அவற்றை உதற வேண்டும். அங்குள்ள ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்துக்கு நீர் இருந்த அதே தூரத்தில் அமைந்து அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. சோடியத்துக்கு அந்த அளவு பொருந்துவதில்லை. நீரை உதறுவது அதற்குக் கட்டுப்படியாகாது. தேர்ந்தெடுப்பவர் எவரும் இல்லாமலே தேர்வு நடந்துவிடுகிறது.

இதோடு நோக்கத்துக்கு விடைகொடுப்பது அவசரம். 1957இல் யென்ஸ் ஸ்கோ கண்டறிந்த சோடியம்-பொட்டாசியம் பம்ப், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இரண்டும் செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கியே நகர்த்தப்படுகின்றன. இப்புரதத்தைப் பிரித்தெடுத்துச் செயற்கைக் கொழுப்புக் குமிழில் பதித்தாலும், ஏடிபி கிடைத்தால் அதே வேலையைச் செய்யும். அங்கே அது நின்றுபோனால் குமிழுக்கு நட்டமில்லை. செல்லில் நின்றால் சோடியமும் நீரும் புகுந்து செல் வீங்கும். முடிவில் ஏடிபி தயாரிக்கும் அமைப்பே குலையும்.

உயிரியின் பகுதிகள் ஒன்றையொன்று உண்டாக்கிக் காப்பவை என்று 1790இல் மெய்யியலாளர் கான்ட் எழுதினார். ஆயினும் நோக்கத்தை இயற்கையின் பண்பாக அவர் கொள்ளவில்லை. மனிதர் இயற்கையைப் புரிந்துகொள்ளும் வழியாகவே கொண்டார். கால்வாயையும் பம்பையும் தனித்தனியே எடுத்தால் அவர் சொன்னது சரி. முழுச் செல்லுக்கு அது போதாது. பழுது என்பது அங்கே பார்ப்பவரின் அபிப்பிராயம் அல்ல, செல்லின் அழிவு.

ரத்த வங்கியின் குளிரில் சிவப்பணுவின் பம்ப் பெரிதும் ஓய்ந்து, பொட்டாசியம் நாளுக்கு நாள் வெளியே கசிகிறது. உடலில் ஏற்றியபின் பம்ப் மீண்டும் இயங்கி, இழந்ததைப் படிப்படியாகச் சேர்க்கிறது. உட்கருகூட இல்லாத செல் அது. அறிந்து செய்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. இயற்பியலுக்குக் கசிவும் மீட்பும் ஒன்றுதான்; சிவப்பணுவுக்கு ஒன்றல்ல. ஆகவே அறிவில்லாத இடத்திலும் நோக்கத்தைப் பேசலாம். ஆனால் அதன் இருப்பிடம் சவ்வு அல்ல, முழுச் செல்.