நூற்றைம்பது வெள்ளி

போன வருடம் ஆயர் ஈத்தாமில், ஓர் அடுக்குமாடி வீட்டில், ஒரு பழைய கித்தாரை 150 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்று வாரம் கழித்து 1,100 வெள்ளிக்கு விற்றேன். இதில் தப்பு இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன். முதலில் எனக்குக் கிடைத்த விடை சரியில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நான் சோதனைப் பொறியாளர். வார இறுதிகளில் பழைய கித்தார்களை வாங்கிச் சரிசெய்து விற்பேன். நிபோங் திபாலில் படித்தபோது கைச்செலவுக்காகத் தொடங்கியது, இன்னும் விடவில்லை.

பழைய கித்தாருக்கு விலை போடுவதில் மர்மம் ஒன்றும் கிடையாது. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது, விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். கேட்கும் விலை வெறும் ஆசை. சாதாரண ரகக் கித்தார் நல்ல நிலையில் இருந்தால், ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும்போது புதுவிலையில் பாதிக்குச் சற்று மேலே போகும். அதையே கடையில் டிரேட்-இன் போட்டால் அதிலும் பாதிதான் கிடைக்கும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கடை வாடகை, ரிப்பேர் கூலி, எத்தனை மாதம் சுவரில் தொங்குமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. அதற்குப் பிறகு கழித்தல். கழுத்து வளைந்திருக்கிறதா? ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா? பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பினாங்கின் ஈரக்காற்றும் வெயிலும் பசையைச் சும்மா விடாது. தலைப்பகுதி முறிந்து ஒட்டியிருந்தால், எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தாலும் விலையில் ஏறக்குறையப் பாதி போச்சு.

ஆனால் இந்தக் கழித்தல் எல்லாவற்றையும் ஒரு கதை தாண்டிவிடும். 1993-ல் கர்ட் கோபெய்ன் எம்டிவி நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் கித்தார் 2020-ல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மரத்துக்கா அந்த விலை? நம் ஊர் அளவிலும் இதேதான். மலாய்க்காரர்கள் சாதாரண அக்கூஸ்டிக் கித்தாரை இன்றும் 'கித்தார் காப்போக்' என்பார்கள். சீனாவிலிருந்து வந்த மலிவான கித்தார் ஒன்றின் பிராண்ட் பெயர் அது. காப்போக் என்றால் இலவ மரம். எத்தனையோ பேர் முதன்முதலில் விரல் பழகியது அதில்தான், ஆனால் விற்கப்போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. அதே காலத்து யாமஹா எஃப்ஜி-180 வேறு கதை. 1966-ல் ஜப்பானில் வந்த கித்தார், மேல்பலகை வெறும் ஒட்டுப்பலகைதான். ஆனாலும் துளைக்குள் எட்டிப் பார்த்து சிவப்பு லேபிள் தெரிந்தால் சேகரிப்பவர்களுக்குக் கை பரபரக்கும்.

ஆயர் ஈத்தாமில் நான் பார்த்தது அந்தச் சிவப்பு லேபிளை.

அந்த ஆண்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இறந்து ஒரு வருடம். கித்தார் அலமாரிக்கு மேலே, பழைய சாரோங் சுற்றி இருந்தது. "அவரு அல்லிகேட்ஸ் பாட்டெல்லாம் வாசிப்பாரு தம்பி," என்றார். பினாங்கில் தொடங்கிய குழு, டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் என்ற நம் ஆட்கள் மலாயில் பாடி நாடு முழுக்கப் புகழ்பெற்ற குழு. அந்த வயதுக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

"எவ்வளவு ஆண்டி?"

"நூத்தம்பது குடு. நீ வாசிப்பியா?"

"வாசிப்பேன் ஆண்டி."

பணத்தைக் கொடுத்தேன். லிஃப்டில் இறங்கும்போதே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

விற்ற பிறகுதான் உறுத்தியது. நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அவருக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

இது இரண்டாயிரம் வருடப் பழைய கேள்வி. சிசரோ கி.மு. 44-ல் எழுதிய 'கடமைகள் பற்றி' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு தானிய வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து இவன் கப்பல் முதலில் வந்து சேர்கிறது. பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது இவனுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டியதில்லை, சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்கிறார் பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனஸ். எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம். எதையும் சொல்லாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது, ஆனால் தெரிந்தால் பயன்படும் ஒருவருக்கு அது தெரியக் கூடாது என்று உன் லாபத்துக்காக நீ விரும்பினால் அது மறைப்புதான் என்கிறார்.

பழைய சாமான் சந்தையில் வழக்கமாக விற்பவருக்குத்தான் கூடுதலாகத் தெரியும். ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அதைப் பற்றியதுதான். இங்கே தலைகீழ், வாங்குபவனான எனக்குத்தான் தெரியும். லோரோங் கூலிட்டில் காலையில் கடை பரப்பும் வியாபாரியிடம் நான் இப்படி வாங்கினால் உறுத்தாது. விலையைத் தெரிந்துவைத்திருப்பது அவர் தொழில், நாளைக்கு அவர் என்னை ஏமாற்றுவார், சரியாப் போச்சு. ஆண்டி வியாபாரி இல்லை.

நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டின வணிகர்களைப் பற்றிச் சொல்வதும் நினைவுக்கு வந்தது. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே எண்ணுபவர்கள், வாங்கும்போது மிகுதியாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்கிறது. அதிலிருந்து நான் எனக்கென ஒரு சோதனையை உருவாக்கினேன். என் கணக்குத் தாளை எதிரில் இருப்பவர் முன்னால் விரித்து வைக்க முடியுமா? முடிந்தால் நியாயமான வியாபாரம். என் உழைப்புக்கும் அறிவுக்கும் கூலி எடுக்கலாம், ஆனால் அது அவருக்கும் தெரியும் கூலியாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டேன். 1,100-ல் வாங்கிய 150 போக, பிரிட்ஜ் ஒட்டியதற்கும் புதுக் கம்பிகளுக்கும் 120 போக, மிச்சம் 830. அதில் பாதி 415. நானூறு வெள்ளியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

விஷயத்தைச் சொன்னேன். ஆண்டி ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தம்பி. எதிர்வீட்டுப் பையன் ஐந்நூறு தரேன்னான். விக்கிறதுக்குத்தான் கேக்குறான்னு குடுக்கல. நீ வாசிப்பேன்னு சொன்ன."

நான் எதுவும் பேசவில்லை.

"இப்ப யார்கிட்ட இருக்கு?"

"கோலாலம்பூர்ல ஒருத்தர் ஆண்டி. சேர்த்து வைக்கிறவரு."

"வாசிக்க மாட்டாரா?"

"சுவர்ல மாட்டுவாரு."

பணத்தை வாங்கிக்கொண்டார். பேத்தி டியூஷனுக்கு ஆகும் என்றார். தேநீர் கொடுத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்குத் தெரியாது என்பதுதான் என் யோசனை முழுவதற்கும் அடிப்படை. அதுவே தவறு. வயதான தமிழ்ப் பெண், கணவர் போய்விட்டார், கித்தாரைப் பற்றி என்ன தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டயோஜெனஸ், ஆண்டிபேட்டர் எல்லாம் பிறகு வந்தவர்கள். முதலில் வந்தது அந்த அலட்சியம்.

150 என்பது அறியாமையில் சொன்ன விலை இல்லை. ஐந்நூறில் முந்நூற்றைம்பதை அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்தார், அதற்குப் பதிலாக ஒன்றைக் கேட்டார். வாசிப்பியா என்று விசாரித்தது பேச்சுக்கு இல்லை, அதுதான் விலையின் பெரும்பகுதி. நான் சில்லறையை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். "வாசிப்பேன்" என்பது நேரடிப் பொய்கூட இல்லை, மூன்று வாரம் வாசித்தேன்தான். ஆனால் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

ரோட்ஸ் வியாபாரியின் சிக்கல் சொல்லாமல் விட்டது. என்னுடையது சொன்னது. அதனால்தான் என் நானூறு வெள்ளி எதையும் சரிசெய்யவில்லை. அவர் பணத்துக்கு விற்க மறுத்த ஒன்றுக்கு நான் பணம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோலாலம்பூர்க்காரரிடம் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். விற்பதாக இல்லை என்றார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னும் வாங்குகிறேன், விற்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே, "விக்கிறதுக்குத்தான் வாங்குறேன்," என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை இரண்டு பேர் தர மறுத்துவிட்டார்கள். ஒருவர் விலையை ஏற்றினார். கழுத்து, ஃபிரெட், பிரிட்ஜ் என்று நான் குறித்துவைக்கும் தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: பணத்தோடு சேர்த்து வேறு என்ன கேட்டார்?