களை பிடுங்குதல் பாபமாகுமோ?



சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்தபின் இளம் உபாசகர் ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, எங்கள் ஊர்க் குளம் முழுதும் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கின்றது. அதனை வாரி எறிய எங்களை அழைக்கின்றனர். செடியும் உயிர்தானே? அதன் வேரில் புழுவும் பூச்சியும் வாழ்கின்றனவே? பஞ்சசீலம் ஏற்ற நாங்கள் இதனைச் செய்யலாமா?" என்று வினவினார். அருகிருந்த மற்றொருவர், "அதற்கு மட்டும் நம் தெருவை அழைப்பானேன்?" என்று கேட்டார். இரண்டும் நேரிய வினாக்களே. இரண்டிற்கும் விடை ஒன்றே என்பதைக் காண்போம்.

இச்செடியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். இதன் பிறப்பிடம் தென்னமெரிக்காவின் அமேசான் நதிப்பக்கம். பூவின் அழகில் மயங்கி மனிதரே இதனை நாடுதோறும் கொண்டு சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் புகுந்து, பின்னர் இந்திய நீர்நிலைகள் எங்கும் பரவியது. நம் பக்கத்துத் தெலுங்கர் இதனைக் 'குர்ரப்பு டெக்க' என்பர். குதிரைக் குளம்பு என்பது பொருள். வெப்பமும் உரச்சத்தும் வாய்த்த நீரில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் இது இருமடங்காகும். அதன்பின் நீருக்குள் வெளிச்சம் புகாது, மீன் மூச்சு முட்டி மடியும், கொசு பெருகும், மதகும் கலங்கலும் அடைபடும். 2022 வரை ஒரே மாவட்டத்துள் அடங்கியிருந்த சித்தூரிலும் திருப்பதியிலும் மழையை நம்பிய ஏரி குளங்களே உழவனுக்கு உயிர்நிலை. அவை தூர்ந்தால் யாருக்கு வாழ்வு?

இனிச் சீலத்தை நோக்குவோம். செடிகொடிகளைச் சிதைத்தல் பிக்குகளுக்கு விநயத்தில் விலக்கப்பட்டுளது. அஃது இல்லறத்தார்க்கு இட்ட விதியன்று. உபாசகர் ஏற்கும் முதற்சீலம் மூச்சுடைய பிராணிகளைக் கொல்லாமையாம். கருமத்தின் வித்து எண்ணமே என்பது பகவன் போதனை. நீரைக் காக்கும் எண்ணத்தோடு களை எடுப்பவனுக்குப் பாபமில்லை.

ஆயினும், எண்ணம் நல்லது என்று சொல்லிக் கையைக் கவனமின்றி விடுதல் தகாது. செடியை இழுத்தவுடன் வேரை நீரில் உதறுக. மீன்குஞ்சும் நத்தையும் திரும்பிப் பிழைக்கும். நீர்க்கோழி கூடு கட்டிய மூலையைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைக்க. பூக்குமுன் வாருக, விதை சேற்றில் பல்லாண்டு உறங்கிப் பின் முளைக்கும். வாரியதைக் கரையோரம் குவித்தால் மழை மீண்டும் குளத்தில் தள்ளும். தொலைவில் கொண்டுபோய் மக்கவைத்து எருவாக்குக. பூச்சிமருந்துக் கடையில் களைக்கொல்லி வாங்கிக் குளம் முழுதும் ஒரேநாளில் தெளிப்பதோ கொடிது. செடி நீரிலேயே அழுகும். பிராணவாயு குன்றி மீன்கள் கூட்டமாய்ச் சாகும். அழுகிய சத்து மறுபடி களைக்கே உணவாகும்.

இங்கு நம் குற்றம் ஒன்றைக் கூறுதல் கடமை. இளமையில் பல்லாண்டு ஓர் ஆலையில் கூலியாய் உழைத்தோம். இரவு முறையில் கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிடுதல் நம் வேலை. மேஸ்திரி கை காட்டுவார்; நாம் சக்கரத்தைத் திருப்புவோம்; வெதுவெதுத்த கறுப்புநீர் ஓடையில் இறங்கிக் கீழூர்க் குளத்தைச் சேரும். 'உத்தரவு அவருடையது, கை மட்டுமே நம்முடையது' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். விடுமுறை நாளில் அக்குளத்திலேயே இடுப்பளவு நீரில் நின்று ஊராரோடு செடி வாரியதும் உண்டு. அப்போது கரையிலிருந்த முதியவள் ஒருத்தி, "நீங்கள் வாருகிறீர்கள், அது வளருகிறது. அதற்குச் சோறு போடுகிறவன் யாரப்பா?" என்றாள். நாம் வாய் திறக்கவில்லை. பாசி மூடிய நீரில் ஒருவன் தன் முகத்தைக் காண இயலாது என்று பகவன் உவமை காட்டியுளார். அன்று நம் நிலை அதுவே. நம்மைக் குற்றப்படுத்தியது பிடுங்கிய செடியன்று. திறந்த குழாயும் மூடிய வாயுமே.

தனிமனிதர்க்கு உற்றது நகரங்களுக்கும் உறுவதே. சித்தூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், இந்தச் செடியை மட்டுமே தின்று வாழும் சிறு வண்டுகளை வெளிநாட்டிலிருந்து வருவித்துச் சோதித்து, 1980-களில் ஏரிகளில் விட்டனர். அவை செடியை வெகுவாய்க் குறைத்தன. எனினும் நகரத்தின் சாக்கடை ஏரிகளில் விழுவது நிற்கவில்லை. பெல்லந்தூர் ஏரி பின்னரும் செடியால் மூடிற்று. 2015-ல் அதன் நுரை தெருவில் பறந்தது. 2017-ல் ஏரியிலேயே தீப்பற்றியது. வண்டு தன் பணியைச் செய்தது. மனிதன் தன் பணியைச் செய்யவில்லை. ஊட்டுதலை நிறுத்தாமல் வாருதல் மட்டும் செய்தால், வேரை விட்டு இலையைக் கிள்ளியதாகும். துக்கத்தின் காரணத்தைத் தேடுக என்று கற்ற நமக்கு இது புதிதன்று.

இதனால் இரண்டாம் வினாவும் தெளிவாகின்றது. குளத்தை வாரிய கைகளுக்கே குளத்து நீர் மறுக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1927 மார்ச்சு 20-ல் மகாடுவில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது அக்கொடுமையை எதிர்த்தே. நீரில் உரிமை யாவர்க்கும் பொதுவாயின், நீரைக் காக்கும் கடமையும் பொதுவே. பிறப்பைக் கொண்டு ஒரு தெருவை மட்டும் அழைத்தால், "யார் வீட்டுச் சாக்கடை குளத்தில் விழுகின்றதோ அவரும் இறங்கட்டும்" என்று பணிவோடும் அச்சமின்றியும் கூறுக. அவர் இறங்கின் நாமும் இறங்குவோம், முன்வரிசையிலேயே இறங்குவோம்.

ஆகவே அன்பர்காள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே உங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். செடியை எண்ணாதீர்கள், குளத்தில் வந்து விழும் வாய்க்கால்களை எண்ணுங்கள். அவற்றுள் ஒன்று நம் வீட்டிலிருந்து வருமாயின், அதனை முதலில் அடைத்துவிட்டு, அதன்பின் அரிவாளை எடுங்கள். அவ்வாறு எடுத்த கைக்குப் பாபமில்லை.