பொதுப்பணியும் வழிச்செலவும்

ஏழைக்காக உழைப்பவர் அதற்குப் பணம் பெறலாமா? சட்டம் படிக்கும் பிள்ளைகளை விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, மீளக்குடியேறிய குடும்பங்களின் காணி அலுவல்களுக்கு உதவச் செய்யலாம், அதற்கென ஒரு நிதி திரட்டலாம் என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். நன்மைக்குக் கூலியா என்பதே அதன் உட்பொருள்.

முதலில் தேவையைப் பார்ப்போம். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். சோனகதெருவிலிருந்து புறப்பட்ட பலரால் காணி உறுதியைக்கூட எடுத்துச் செல்ல முடியவில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். புத்தளத்து அகதி வாழ்வோ அதனினும் நீண்டது. 1983 மே முதல் 2009 மே வரை உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தோருக்கு அக்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அச்சலுகையும் காலவரையறையுடனேயே வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. காணிப் பதிவகத்தில் பிரதி தேட, பழைய நொத்தாரிசின் பெயரை நினைவுபடுத்த, விண்ணப்பம் எழுத ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வழக்காட உரிமையில்லாத மாணவரும் இதைச் செய்யலாம்.

ஆனால் எந்த மாணவர்? விடுமுறையில் உழைத்து வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய பிள்ளையால் வர இயலாது. ஊதியமில்லாச் சேவையை மட்டுமே நாம் புகழ்ந்தால், பொதுப்பணி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் தனியுரிமையாகிவிடும். அகதி முகாமில் வளர்ந்து சட்டம் படிக்க வந்தவருக்கே அந்த மக்களின் பேச்சு நன்றாக விளங்கும். அவரைத் தடுப்பது மனமல்ல, பஸ் காசும் சாப்பாட்டுச் செலவுமே. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் சிலவற்றில் இதற்காக மாணவர்களே நிதி திரட்டுகின்றனர்.

நமக்கு முன்மாதிரி தேடித் தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கிவைத்தார். வறிய மாணவரின் படிப்பு சமூகத்தின் கடமை என்பது அதன் அடிப்படை. படித்ததைப் பிறருக்குப் பயன்படுத்தும் சில வாரங்களுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அது கூலியன்று, வேலை நடப்பதற்கான செலவு.

எனக்குள்ள அச்சம் வேறு. பணம் தருபவர் மாணவரின் நியாயத்தையும் வாங்கிவிடலாகாது. சோனகதெரு வீடொன்றில் இன்று இருப்பவர், 1990இல் பலாலியைச் சுற்றிய பகுதிகளிலிருந்து இராணுவப் பாதுகாப்பு வலயத்தால் துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பமாகவும் இருக்கலாம். உரிமையாளரின் உறுதியைத் தேடித் தருவது மாணவரின் வேலை. அங்கு குடியிருப்பவர் தம் நிலையை அறிய வந்தால், அவரையும் உட்காரவைத்து, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வழிகாட்ட வேண்டும். நம் நிதி அதைப் பொறுத்துக்கொள்ளுமா?

பொறுக்குமென்றால்தான் அது பொதுநலம். இல்லையேல் நம்மவருக்காக நாம் அமர்த்திய எழுத்தர் வேலை மட்டுமே. நிதி திரட்டுமுன் இதை நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.