குளிசையும் மனவுறுதியும்

குடியை விடுவதற்கு மருந்து எதற்கு, மனமிருந்தாற் போதாதா? இந்தக் கேள்வி நம் பகுதியில் சங்கக்கடை வாசலிலும் கோயில் வீதியிலும், ஏன், ஆசிரியர் ஓய்வறையிலுங்கூடக் கேட்கிறது. கேட்பவர் பெரும்பாலும் குடியாதவர். தாம் குடியாதிருப்பது தம் ஒழுக்கத்தின் பயனே என்று ஐயமின்றி நம்புகிறவர்.

வாவிக்கரைச் சிற்றூரொன்றைச் சேர்ந்த மீனவர் ஒருவர், குடிவேட்கையைத் தணிக்கும் குளிசையைச் சில மாதம் உட்கொண்ட பின் என்னிடம் சொன்னார்: “விட்டது நானில்லை சேர், குளிசைதான்.” அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்திருந்தது. அந்த வெட்கம் நியாயமானதுதானா?

மருந்துகள் யாவும் ஒரே வழியில் வேலை செய்வனவல்ல. குடற்புழுவுக்கென ஆராயப்பட்ட டைசல்ஃபிராம், அதைத் தாமே உட்கொண்டு பார்த்த டென்மார்க் ஆய்வாளருக்கு மது ஒத்துக்கொள்ளாமற் போனதால், 1948 அளவிற் குடிநோய்க்கு மருந்தாயிற்று. அது வேட்கையைக் குறைப்பதில்லை, குடித்தவனைத் தண்டிக்கிறது. முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். 1994இல் அமெரிக்காவிற் குடிநோய்க்கு அனுமதி பெற்ற நல்ட்ரெக்சோனின் வழி வேறு. மது மூளையில் எழுப்பும் இன்பத்தின் வாயிலை அது அடைத்துவிடுகிறது. எடுத்தவர்கள் சொல்வது பலவிதம்: குடித்தாலும் பழைய சுவை இல்லை என்பார் சிலர், முதற் கிழமைகளில் குமட்டலும் தலையிடியும் வாட்டின என்பார் வேறு சிலர், ஒரு மாற்றமும் தெரியவில்லை என்பாரும் உண்டு. மிகுகுடிக்கு மீளாமல் ஒருவரைக் காப்பதற்கு ஏறத்தாழப் பன்னிருவருக்கு இம்மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கணித்தது. மந்திரக் குளிசை என்று எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குளிசை தானாக வாய்க்குள் நடந்து வருவதில்லை. வேட்கை அடங்கியிருக்கும் காலையில், அது தலைதூக்கப்போகும் மாலையை நினைத்து, ஒருவன் அதை எடுத்து விழுங்குகிறான். மாலையில் தான் யாராக மாறுவான் என்பதை அறிந்தே காலையில் தன்னைக் கட்டிக்கொள்கிறான். மனவுறுதி என்பது இதுவல்லாமல் வேறென்ன? கண்ணாடி அணிந்து படிக்கிறவனைப் பார்த்து ‘படித்தது நீயல்ல’ என்று நாம் சொல்வதில்லை.

வெறியிற் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை விதித்தான் பழங்கிரேக்கத்துப் பிட்டாக்கஸ். வெறி கொள்ளாதிருப்பது அவன் கையிலிருந்ததே என்பது அரிஸ்டாட்டில் காட்டும் நியாயம். கையில் இருந்ததா? 2004இன் கடற்கோளையும் 2007 வரை இம்மண்ணில் நடந்த போரையும் கடந்து, உறக்கத்துக்காகவே குடிக்கத் தொடங்கியவனிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். வாழ்வு பறித்துக்கொண்ட உறுதியை அவனிடமே கடனாகக் கேட்பது அறமா?

ஆனால் குளிசையைக் காட்டி அரசு தப்பிக்கொள்ளவும் விடலாகாது. 2017இல் கல்குடாவிலே எத்தனோல் ஆலை எழுந்தபோது இம்மாவட்ட மக்கள் எதிர்த்து நின்றார்கள். மதுவரியில் வருமானம் தேடும் கையே மருந்தையும் நீட்டுகிறது. கூலி கிடைக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மதுக்கடையை வைத்துவிட்டு, நோயாளியின் மூளையை மட்டும் திருத்த நினைப்பது வசதியான மருத்துவந்தான்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். கணவனறியாமல் டைசல்ஃபிராமைக் கறியிலோ தேநீரிலோ கலந்து கொடுக்கும் மனைவியர் நம் நாடுகளில் உண்டு. அடியும் பசியும் அறிந்தவளைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வராது. ஆயினும் அறியாது உண்டவன் அன்று மாலை குடித்தால் அது அவன் உயிரோடு விளையாட்டு. அந்த மீனவர் அறிந்து விழுங்கியபோது அவருடையதாக இருந்த செயல், இங்கே யாருடையதும் அல்லாமற் போகிறது. அவளிடம் அதைச் சொல்வது எளிது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரையிலிருந்து நகருக்கு வரும் வழி சுருங்கியதென்னவோ உண்மை. ஆனால் வைத்தியசாலைக்குக் கணவனை அழைத்துவர இருவரும் ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். வரமாட்டேன் என்று அவன் திண்ணையிற் படுத்துக்கொண்டால், கறிச்சட்டியைத் தவிர அவள் கையில் வேறொன்றும் இல்லை.